அலவாங்கை எங்கே நிறுத்துவது

இலங்கையில் 103 ஆறுகள் என்று பள்ளிக்கூடப் புவியியல் புத்தகம் சொல்லும். தீவின் நடுவே 2,524 மீற்றர் உயரத்தில் பீதுருதாலகாலை நிற்கிறது. அந்த மலைநாட்டில் பிறந்து 335 கிலோமீற்றர் ஓடித் திருகோணமலையில் கடலைச் சேர்கிறது மகாவலி. தென்மேற்குச் சரிவில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. இவ்வளவு வளமுள்ள தீவின் வட நுனியில், சுமார் ஆயிரம் சதுர கிலோமீற்றர் அளவுள்ள யாழ்ப்பாணக் குடாநாட்டில், ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றுகூடக் கிடையாது. வழுக்கையாறு என்று ஒன்று உண்டு. தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி அராலியில் கடலேரியில் விழும். மாரியில் மட்டும் ஓடும். மற்ற மாதங்களில் அதன் படுக்கையில் மாடு மேயும்.

இந்தக் குடாநாட்டில்தான் ஒருவர் கிணறுகளை அளந்துகொண்டிருந்தார். நிலத்தடி நீரைக் கண்காணிக்கும் வேலை. தொழில்நுட்ப உத்தியோகத்தர் என்று நியமனக் கடிதத்தில் இருந்தாலும் ஊரில் அவருக்கு 'கிணறு அளக்கிற ஐயா' என்றுதான் பெயர். கட்டுரையில் தன் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "பேரிலை என்ன இருக்கு, கிணத்தைப் பற்றி எழுதுங்கோ" என்பது அவர் கட்டளை.

அவருடைய தகப்பன் கிணறு வெட்டியவர். அது முக்கியமான செய்தி. ஏனென்றால் மகன் மீற்றர் வைத்துக் கண்டறிந்ததில் பாதியைத் தகப்பன் நாக்கை வைத்தே கண்டறிந்திருந்தார்.

குடாநாட்டின் வலிகாமப் பகுதியில் கிணறு வெட்டுவது எப்படி என்று அவர் சொல்லிக் கேட்க வேண்டும். மேலே செம்மண். சில இடங்களில் முழங்கால் அளவுதான், சில இடங்களில் ஆள் உயரம். மண்வெட்டிக்குச் சிரமமே இல்லை. அதன் கீழே சுண்ணக்கல் தொடங்கும்போதுதான் உண்மையான வேலை. அலவாங்கால் குத்தி உடைப்பார்கள். அதற்கு மசியாவிட்டால் துளை போட்டு வெடி வைப்பார்கள். வெடி வைக்கும் நாளில் அயல் வீடுகளுக்கெல்லாம் சொல்லியனுப்பி, பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டு, ஆட்டை அவிழ்த்துத் தூரக் கட்டி, ஊரே காத்திருக்கும். கல் உடைந்த பிறகு கடகத்தில் அள்ளி மேலே ஏற்ற வேண்டும். ஆடி, ஆவணி மாதங்களில்தான் வெட்டுவார்கள். கோடையின் கடைசியில், நீர்மட்டம் ஆக இறங்கியிருக்கும்போது தண்ணீர் கண்டால் அந்தக் கிணறு பிறகு எந்த மாதமும் வற்றாது என்பது கணக்கு.

வெட்டிய சுவரைப் பார்த்தால் இந்த நிலத்தின் வரலாறு தெரியும். கல்லுக்குள் சிப்பி இருக்கும், சிறு சங்கு இருக்கும். இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு மிகப் பழைய உருமாறிய பாறை. உலகின் ஆதிப் பாறைகளோடு வைத்து எண்ணப்படுவது. யாழ்ப்பாணமோ பிந்தி வந்த பிள்ளை. மயோசீன் காலத்தில், அதாவது இரண்டு கோடியே முப்பது இலட்சம் ஆண்டுகளுக்கும் ஐம்பது இலட்சம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட ஏதோ ஒரு பொழுதில், ஆழமில்லாத கடலின் அடியில் படிந்த சுண்ணாம்பு இது. புத்தளத்தில் தொடங்கி வடமேற்குக் கரையோரமாக மன்னார் வழியே குடாநாடு வரைக்கும் இதே கல். மழைநீர் காற்றிலும் மண்ணிலுமிருந்து கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு மெல்லிய அமிலமாகி இந்தக் கல்லைக் கரைக்கிறது. கரைந்த வழிகள் வெடிப்பாகின்றன, வெடிப்பு பொந்தாகிறது, பொந்து சில இடங்களில் குகையாகிறது. மேலே ஆறு ஓடாததற்குக் காரணம் இதுதான். விழுகிற தண்ணீருக்குக் கீழே போக ஆயிரம் வாசல்.

கரைந்த சுண்ணாம்பு எங்கே போகும்? கேத்தலுக்குள் வரும். யாழ்ப்பாணத்து அடுப்படியில் தண்ணீர் கொதிக்க வைக்கும் பாத்திரத்தின் உட்புறம் வெள்ளையாகத் தடித்துப் போயிருப்பதைப் பார்க்காதவர் இல்லை. கொழும்பிலிருந்து வந்து தலைக்குச் சவர்க்காரம் போட்டுவிட்டு நுரை வரவில்லை என்று குறைபடும் விருந்தாளியைப் பார்த்துச் சிரிக்காத வீடும் இல்லை.

தண்ணீர் கண்ட பிறகுதான் வாக்குவாதம் வரும். வீட்டுக்காரர் மேலே நின்றுகொண்டு, "இன்னும் ரெண்டு முழம் இறக்குங்கோ அண்ணை, காசைப் பற்றி யோசியாதேங்கோ" என்பார். தகப்பன் கீழேயிருந்து ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்ப்பார். துப்புவார். மறுபடி அள்ளுவார். "காணும். இதுக்கு மேலை குத்தினா உப்பைத்தான் கூப்பிடுவீங்கள்" என்று சொல்லிவிட்டு அலவாங்கை மேலே அனுப்பிவிடுவார். அயல் வீட்டுக் கிணறு இதைவிட ஆழம் என்று சொன்னாலும் அசையமாட்டார். ஆழமாகத் தோண்டினால் தண்ணீர் கூடும் என்பது கருங்கல் நாட்டுக் கணக்கு. அந்தக் கணக்கைக் குடாநாட்டில் போட்டால் பிழைக்கும். அவரும் அவர் மகனும் வாழ்நாள் முழுக்க ஊருக்குச் சொல்லிவந்தது இந்த ஒன்றைத்தான்.

மகன் படித்த பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு சூத்திரம் இருந்தது. கைபன் என்ற டச்சுக்காரரும் ஹெர்ஸ்பேர்க் என்ற ஜெர்மானியரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவை ஒட்டி, ஒருவரையொருவர் அறியாமல் கண்டது. கடல்நீரின் அடர்த்தி நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரை அளவில் கூட. ஆகவே கடலோர நிலத்தில் நன்னீர் பாலின் மேல் ஆடை போல உப்புநீரின் மேல் கிடக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது மீற்றர் நன்னீர் இருக்கும். கேட்க நன்றாயிருக்கிறது. திருப்பிப் போட்டுப் பார்த்தால்தான் வயிற்றைக் கலக்கும்: மேலே ஒரு மீற்றரை இறைத்துத் தீர்த்தால், கீழே உப்பு நாற்பது மீற்றர் ஏறி வரப் பார்க்கும். இறைக்கும் கிணற்றின் அடியில் அது கூம்பு வடிவில் எழும்பும். குடாநாட்டின் மேடான இடமே பத்துப் பதினைந்து மீற்றரைத் தாண்டாது. கிணறுகளில் நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு ஒன்றிரண்டு மீற்றர் மேலேதான் நிற்கும். கையிருப்பு எவ்வளவு சிறிது என்பது அதிலேயே தெரிகிறது. பொந்தும் வெடிப்புமான சுண்ணக்கல்லில் சூத்திரம் அச்சொட்டாகப் பொருந்துவதில்லை என்பதையும் அவர் சொல்லத் தவறுவதில்லை. ஒரு கிணறு நல்ல தண்ணீராயிருக்க வேலிக்கு அப்பாலுள்ள கிணறு உவராயிருப்பதை அவர் எத்தனையோ இடத்தில் கண்டிருக்கிறார். வெடிப்பு எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைப் பொறுத்த விஷயம்.

அவருடைய சாமான்கள் ஒரு பைக்குள் அடங்கும். முனையில் உலோக நாக்குள்ள நீளமான அளவு நாடா ஒன்று. நாக்கு தண்ணீரைத் தொட்டதும் கீச்சென்று சத்தம் போடும். மின்கடத்துதிறன் பார்க்கும் மீற்றர். மாதிரி எடுக்கும் போத்தல்கள். ஒரு கொப்பி. கிணற்றுக் கட்டில் சிவப்பு மையால் ஓர் அடையாளம் வைத்திருப்பார். ஒவ்வொரு முறையும் நாடாவை அதே புள்ளியிலிருந்துதான் இறக்க வேண்டும். வீட்டுக்காரர் கட்டுக்குப் புதிதாகச் சீமெந்து பூசினால் அடையாளம் போய்விடும், பழைய கணக்கோடு புதியது ஒட்டாது. அதனால் பூச்சுக்கு முதல் தனக்குச் சொல்லும்படி எல்லா வீட்டிலும் கேட்டு வைத்திருந்தார். சொன்னவர்கள் குறைவு.

நாடா சத்தம் போட்டதும் ஆழத்தைக் கொப்பியில் எழுதுவார். பிறகு மீற்றரின் நாக்கை மெல்ல மெல்ல இறக்குவார். மேலே சென்ரிமீற்றருக்கு எழுநூறு, எண்ணூறு மைக்ரோசீமன் என்று காட்டினால் நல்ல தண்ணீர். இறங்க இறங்க எண் கூடும். சில கிணறுகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். சில கிணறுகளில் ஒரு சாண் இடைவெளிக்குள் இரண்டு மடங்காகிவிடும். கடல்நீர் ஐம்பதினாயிரம் காட்டும். அந்தப் பாய்ச்சல் எந்த ஆழத்தில் நிகழ்கிறது என்பதே அவர் தேடிய செய்தி. போன கோடையை விட இந்தக் கோடையில் அது மேலே வந்திருந்தால், அந்தத் தோட்டத்தில் யாரோ அளவுக்கு மிஞ்சி இறைக்கிறார்கள். கடற்கரையை ஒட்டிய கிணறுகளில் இன்னொரு தொல்லை: கடலின் வற்றுப்பெருக்கோடு கிணற்று மட்டமும் ஏறி இறங்கும். காலையில் அளந்ததும் பின்னேரம் அளந்ததும் ஒன்றாயிராது. ஆகவே கொப்பியில் நேரத்தையும் எழுத வேண்டும்.

வீட்டுப் பெண்களுக்கு இந்த எண்களில் அக்கறையில்லை. "ஐயா, தேத்தண்ணி திரையுதோ இல்லையோ எண்டு நாங்கள் பாத்துச் சொல்லுறம்" என்று ஓர் அக்கா சொன்னாராம். உவர் கூடினால் பால் திரையும். அதுவும் ஓர் அளவைதான் என்று அவர் ஒப்புக்கொண்டார்.

குடாநாட்டின் நிலத்தடி நீருக்கு வருமானம் மழை மட்டும். ஆண்டுக்கு ஆயிரத்து இருநூறு, முந்நூறு மில்லிமீற்றர். அதில் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கி மார்கழி வரை, வடகீழ்ப் பருவக் காற்றோடும் வங்காள விரிகுடாவில் பிறக்கும் தாழமுக்கங்களோடும் வந்து கொட்டும். 2008 நவம்பரில் நிஷா புயல் வந்தபோது குடாநாட்டின் ஒழுங்கைகளெல்லாம் வாய்க்காலாயின. அப்படி விழுந்ததில் ஒரு பங்கு ஆவியாகும், ஒரு பங்கு கடலுக்கு ஓடும், மிச்சம் கல்லுக்குள் இறங்கும். தை பிறந்ததும் வரவு நின்றுவிடும், செலவு தொடரும். வைகாசி வாக்கில் சோளகம் எழும்பினால் புழுதியும் வெக்கையும்தான். தென்மேற்கில் மலைநாட்டை நனைக்கிற அதே காற்று இங்கே வந்து சேரும்போது ஈரத்தையெல்லாம் அங்கேயே விட்டுவிட்டு வருகிறது. முன்னோர் ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறு குளங்களை இந்தச் சிறிய நிலத்தில் வைத்தது வயலுக்கு மட்டுமென்று நினைப்பது தவறு. மாரித் தண்ணீரைச் சில வாரம் நிறுத்தி வைத்தால் அது கல்லுக்குள் போகும், சுற்றியுள்ள கிணறுகள் ஊறும். இன்று பல குளங்கள் தூர்ந்து போயின. சிலவற்றின் மேல் கட்டடம் நிற்கிறது. சிலவற்றில் பிளாஸ்ரிக் மிதக்கிறது. யுத்தத்தைக் குறை சொல்லித் தப்பிக்க முடியாத அழிவு இது.

வெளியூர்க்காரர் வந்தால் அவர் இரண்டு இடத்துக்குக் கூட்டிப் போவார். ஒன்று புத்தூருக்கு அருகே நிலாவரை. இலங்கைப் போர் முடிந்து திரும்பிய இராமர் வானரங்களின் தாகத்துக்காக அம்பு எய்து உண்டாக்கிய கிணறு என்பது ஐதிகம். அடி காணாதது என்பது ஊர்ப் பேச்சு. நிலவியல்படி அது சுண்ணக்கற் குகையொன்றின் கூரை இடிந்து விழுந்ததால் திறந்த வாய். மேலே நல்ல தண்ணீர், கீழே போகப் போக உவர், அதற்கும் கீழே உப்பு. குடாநாடு முழுவதும் மண்ணுக்கடியில் மறைந்திருக்கும் அடுக்கு இங்கே வெயிலில் திறந்து கிடக்கிறது. தோட்டங்களுக்கு இதிலிருந்து இறைப்பதுண்டு. மட்டம் இறங்கிவிட்டுத் திரும்ப ஏறிவிடும். அந்த ஏற்றத்தைப் பார்த்துத்தான் வற்றாத கிணறு என்று மயங்குகிறார்கள். ஏறி வருவது எந்தத் தண்ணீர் என்று கேட்பது அவர் வேலை.

மற்றது கீரிமலை. கடலலை அடிக்கும் கரையிலேயே கேணி. கேணிக்குள் நிலத்திலிருந்து வரும் ஊற்று. நகுல முனிவருக்குக் கீரிமுகம் மாறிய தலம் என்று ஆடி அமாவாசைக்குச் சனம் குவியும். ஆசாரத்தோடு முழுகி எழும்புகிறவர்களுக்கு அவர் ஒன்றும் சொல்லமாட்டார். கூட வந்தவரிடம் மட்டும் மெல்லச் சொல்வார்: வலிகாமத்தில் பெய்த மழை கடலுக்குத் தப்பியோடும் வாசல் இது. பக்கத்தில் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்காக 1950 முதல் கல் தோண்டிய பள்ளங்கள் கிடக்கின்றன. 1990இல் யுத்தத்தோடு தொழிற்சாலை நின்றது, பள்ளங்கள் அப்படியே எஞ்சிவிட்டன. கடற்கரையை ஒட்டி அவ்வளவு கல்லை எடுத்தால் உப்புக்கும் நன்னீருக்கும் நடுவே இருந்த சுவரை எடுத்ததாகும் என்பது அவர் கட்சி.

இறைப்பு மாறியதுதான் பெரிய மாற்றம். துலாக் காலத்தில் ஒருவர் துலாவின் மேல் முன்னும் பின்னும் நடந்து மிதிப்பார், கீழே ஒருவர் பட்டையைப் பிடிப்பார், இன்னொருவர் பாத்தி கட்டித் தண்ணீர் மாறுவார். விடியப்புறம் தொடங்கினால் வெயில் ஏற முதல் களைத்துவிடுவார்கள். மனிதர் களைக்கும்போது கிணறும் ஓய்ந்தது. ஐம்பதுகளுக்குப் பிறகு மண்ணெண்ணெய் மெசின் வந்தது, அது களைப்பதில்லை. சின்ன வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் காசு கொடுத்தன. வெங்காயத்துக்கு நாலு நாளைக்கு ஒரு தண்ணீர் காணும் இடத்தில், எண்ணெய் இருக்கிறதே என்று மூன்று நாளைக்கு ஒன்று விட்டவர்கள் உண்டு. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் அருமையானபோது கழற்றிப் போட்ட துலாவைத் திரும்பப் பூட்டியவர்களும் உண்டு. இப்போது மின் மோட்டர். சுவிற்சைப் போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போய் வரலாம்.

மோட்டர் வாங்குகிறவருக்கு அவர் சொல்லும் புத்தி ஒன்றுதான்: உறிஞ்சு குழாயின் அடி வால்வைக் கிணற்றின் அடியில் தொங்கவிடாதீர்கள். தண்ணீர் மட்டத்துக்கு ஓரிரு அடி கீழே கட்டுங்கள். மட்டம் இறங்கி மோட்டர் காற்றை இழுத்தால், அன்றைக்கு அந்தக் கிணற்றின் பங்கு முடிந்தது என்று அர்த்தம். கடைக்காரர்கள் நேர்மாறாகச் சொல்லி விற்றார்கள்.

உப்பு மட்டும் எதிரியென்றால் சமாளித்திருக்கலாம். மேலிருந்தும் வந்தது. செம்மண்ணில் அள்ளிப் போட்ட யூரியாவில் பயிர் எடுத்தது போக மிச்சம் நைத்திரேற்றாகி அடுத்த மாரியில் கல்லுக்குள் இறங்கும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்; கைக்குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசன் காவும் திறனை அது கெடுக்கும். வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பல அந்த எல்லையைத் தாண்டின. வீட்டு வளவுகளில் மலசலகூடக் குழி. இரண்டு பரப்பு, மூன்று பரப்புக் காணியில் ஒரு மூலையில் கிணறு, மறு மூலையில் குழி, நடுவே பொந்துகள் நிறைந்த கல். மணலில் ஊறிப்போகும் நீர் வடிகட்டப்படும். வெடிப்புக்குள் விழுந்த நீரை வடிகட்ட எதுவுமில்லை. நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை, தகப்பனின் நாக்குக்கும் பிடிபடாது. சுன்னாகத்தில் அப்படியல்ல. 2014, 2015இல் அந்தப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. வாளியில் படலம் தெரிந்தது, மூக்கில் அடித்தது. சனம் வீதிக்கு வந்தது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2019 ஏப்ரலில் மின்னுற்பத்தி நிறுவனமொன்று 2 கோடி ரூபா செலுத்த வேண்டுமென்று தீர்ப்பானது. கண்ணுக்குத் தெரிந்தால் சனம் எழும்பும் என்று அவர் சொன்னபோது குரலில் கொஞ்சம் பொறாமை இருந்தது.

வடமராட்சி கிழக்கின் மணற்கரையில் வேறு சங்கதி. அங்கே கல் இல்லை, மணற்குன்று. கையாலேயே பூவல் தோண்டலாம். இடுப்பளவு ஆழத்தில் தெளிந்த தண்ணீர் ஊறும், கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கும். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை அந்தக் கிணறுகளுக்குள் கடலையே ஊற்றிவிட்டுப் போனது. உதவிக்கு வந்தவர்கள் பெரிய இயந்திரங்களைக் கொண்டுவந்து இறைக்கத் தொடங்கினார்கள். நல்ல மனம்தான். ஆனால் இறைக்க இறைக்கக் கீழிருந்த உப்பும் சேர்ந்து ஏறியது. குப்பையையும் சேற்றையும் எடுத்துவிட்டு, மிச்சத்தை அடுத்த மாரிக்கு விட்டுவிடுங்கள் என்று நீரியலாளர்கள் பிறகு வழிகாட்டல் எழுதினார்கள். தவிச்ச வாய்க்குத் தண்ணீர் கேட்கிறவரிடம் மழை வரட்டும் என்று சொல்வது இலேசான வேலையா?

பெரிய திட்டங்களுக்குக் குறைவில்லை. பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1954இல் 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்ற திட்டத்தை முன்வைத்தார். ஆனையிறவுக் கடலேரிக்கு அணை கட்டி உப்பை வெளியேற்றி, வன்னியிலிருந்து வரும் ஆற்றுநீரால் நிரப்பி, முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சிக் கடலேரிக்கும் உப்பாற்றுக்கும் கொண்டுவருவது. தொண்டைமானாற்றில் தடுப்பணை எழுந்தது; முழுத் திட்டம் இன்னும் முடியவில்லை. இரணைமடுக் குளத்திலிருந்து குழாயில் கொண்டுவரலாம் என்றபோது கிளிநொச்சி விவசாயிகள் தங்கள் வயலுக்கே போதாது என்று மறித்தார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. கடைசியில் கடலையே கேட்டார்கள். வடமராட்சி கிழக்கின் தாளையடியில், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நன்னீர் எடுக்கும் நிலையம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது.

குழாய்த் தண்ணீர் வந்த வீடுகளில் இப்போது கிணற்றை மூடும் யோசனை. சிலர் குப்பை கொட்டி நிரப்பப் பார்க்கிறார்கள்; அந்தக் குப்பைச் சாறு போய்ச் சேருவது அயலவரின் கிணற்றுக்கு. ஓய்வு பெற்ற பிறகும் அவரைத் தேடி இதற்காகத்தான் ஆட்கள் வருகிறார்கள். அவர் கொப்பியோடு போய்க் கூரைப் பீலியைப் பார்க்கிறார். ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஒரு மாரிக்கு விழுவது எழுபது, எண்பதாயிரம் லீற்றருக்குக் குறையாது என்று பென்சிலால் கணக்குப் போட்டுக் காட்டுகிறார். மணலும் சல்லியும் கரியும் போட்ட தொட்டி ஒன்றைக் கட்டி, முதல் மழையை வெளியே விட்டு, அடுத்த மழையிலிருந்து குழாயைக் கிணற்றுக்குள் திருப்பச் சொல்கிறார். வீட்டுக்காரர் செலவு கேட்கிறார். தொட்டிக்கு ஆகும் காசு, கிணற்றை மூட லொறி மண் வாங்கும் காசை விடக் குறைவு என்று சொன்னதும் பேச்சு சூடு பிடிக்கிறது; மேசனைக் கூப்பிடுகிறார்கள். கட்டுக்குப் பூச்சு வைக்க முதல் தனக்குச் சொல்லும்படி அவர் அவனிடமும் சொல்லி வைக்கிறார்.